பின்வாசல் அக்கா

“பெட்டியைத் திறங்க.”

“அக்கா, இது வயலின்.”

“வயலின் பெட்டின்னு தெரியுது. உள்ள வயலின்தான் இருக்கணும்னு சட்டமா?”

வயலின்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டே பெட்டியைத் திறக்கிறார். அக்கா குனிந்து பார்க்கிறார். வயலினைத் தூக்கச் சொல்கிறார். அடியில் விரித்திருக்கும் வெல்வெட் துணியை ஒரு விரலால் தட்டிப் பார்க்கிறார். எல்லாம் சரி என்றால் “போங்க” என்று சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. தன் பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அந்த ஒரு சாண்தான் அனுமதி. அதற்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும்.

சமூகக் கூடத்தின் பின்வாசல் அது. ஆண்டுதோறும் அங்கே நடக்கும் நடன இசை விழாவில் மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் வர வேண்டும். முன்வாசலில் வரவேற்பதற்கென்று நாலைந்து பேர் பல் தெரிய நிற்பார்கள். பின்வாசலுக்கு அக்கா ஒருவர் போதும். சிரிப்பெல்லாம் முன்வாசலோடு சரி.

விழா இல்லாத நாட்களில் அவர் ஒரு சலவைக் கடையில் துணி வாங்கிப் போடும் மேசைக்குப் பின்னால் நிற்கிறார். வருகிற ஒவ்வொரு சட்டையின் பையையும் உள்ளிருந்து வெளியே இழுத்து உதறிவிட்டுத்தான் துணியை எடுத்துக்கொள்வார். பேனா, பஸ் டிக்கெட், பாதி தின்ற மிட்டாய், ஒருமுறை ஒரு பல்செட். “மறுநாள் வாயைப் பொத்திக்கிட்டு வந்து நின்னாரு. நான் ஒண்ணும் கேட்கல. எடுத்துக் குடுத்துட்டேன்.” இன்னொருவரின் கோட்டுப் பையில் கல்யாண மோதிரம் கிடந்திருக்கிறது. “மோதிரத்தைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு எங்க போனாருன்னு நமக்கு எதுக்கு? ஆனா துணி வாங்க வீட்டம்மா வந்தாங்க பாருங்க, அவங்க கையில குடுக்கல. ‘உங்க வீட்டுக்காரரையே வரச் சொல்லுங்க’ன்னுட்டேன். வந்தாரு. மூஞ்சி வெளுத்த துணி கணக்கா இருந்துச்சு.”

“ஆளு பேசுறதை நம்பினாலும் நம்பலாம். பையை மட்டும் பார்த்துடணும்” என்பது அவர் கொள்கை.

அதே கடையின் வேனை ஓட்டுகிறவர் அவர் கணவர். மனைவியை ‘இன்ஸ்பெக்டர்’ என்றுதான் கூப்பிடுவார். “பொண்ணு பார்த்துட்டுப் போனப்புறம், நான் முடி வெட்டுற கடைக்கே ஆள் அனுப்பி என்னைப் பத்தி விசாரிச்சிருக்கா, சார்!” என்று என்னிடம் முறையிட்டார்.

“விசாரிச்சும் ஏமாந்தேன் பாருங்க” என்றார் அக்கா, முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் பத்திரிகை ஆசிரியரால். விழாவுக்கு வருகிறவர்களுக்குத் திரைக்குப் பின்னால் நடப்பது என்ன, எதை எங்கே வைப்பது, எந்த வழியாகப் போவது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார். யாரைக் கேட்டாலும் “பின்வாசல் அக்காகிட்ட போங்க” என்றார்கள். போனேன். அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு எங்கள் அலுவலகத்துக்கே தொலைபேசியில் அழைத்து, “நீங்க அனுப்பின ஆளு இன்னிக்கு என்ன கலர் சட்டை?” என்று ஆசிரியரிடம் கேட்டார். ஆசிரியர் விழித்தார். “தெரியலையா? சரிங்க, வெச்சிடறேன்” என்ற அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “நிஜமான முதலாளிதான். நிஜ முதலாளிக்கு ஆளோட சட்டை கலர் எங்க தெரியப் போகுது?” நாற்காலி ஒரு சாண் பின்னுக்கு நகர்ந்தது.

அன்றிலிருந்து என் பெயர் ‘பத்திரிகை’. “பத்திரிகை, அந்தக் காலைக் கொஞ்சம் மடக்குங்க, ஆளுங்க வராங்க.”

நான் தேடிப் போன தகவல் எல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. கதவுக்கு அருகே ஒரு ஒலிபெருக்கி மைக்கைக் கொடுத்திருந்தார்கள். உடை மாற்றும் அறைகள் முதல் கார் நிறுத்துமிடம் வரை அவர் குரல் கேட்கும். காலையில் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவார்:

“காது இருக்கிறவங்க கேளுங்க. காரை மூக்கு வெளிய பார்த்த மாதிரி நிறுத்துங்க. போகும்போது எனக்கு உங்க ஆரன் சத்தம் வேண்டாம். நடைபாதைக் குழாய்த் தண்ணி முகம் கழுவத்தான், குடிக்க இல்ல. கண்ணாடிக்குப் பக்கத்து பிளக்குல போனைச் சொருகிட்டு ஆடப் போகாதீங்க. திரும்பி வர்றதுக்குள்ள போனும் எங்கயாவது ஆடிக்கிட்டே போயிருக்கும். பாட்டை பென் டிரைவ்ல மட்டும் கொண்டு வந்தவங்க போன்லயும் வெச்சுக்கங்க. பென் டிரைவ் எங்க வீட்டுக்காரர் மாதிரி. வீட்டுல நல்லாப் பாடும், சபையில வாயைத் திறக்காது. ஊக்கை நாற்காலி மேல வைக்காதீங்க. போன வருஷம் டிரம்ஸ்காரர் கச்சேரி முழுக்க நின்னுக்கிட்டே வாசிச்சாரு, எல்லாரும் என்னா உற்சாகம்னு கை தட்டினாங்க.”

பிறகு எந்தக் குழுவுக்கு எந்த அறை, ஆடி முடித்ததும் யார் எந்தக் கதவு வழியாக வெளியேற வேண்டும் என்பதைச் சொல்வார். நெரிசலைத் தவிர்க்க அது அவசியம். இதையெல்லாம் நான் அப்படியே குறித்துக்கொண்டேன். இரண்டு பக்கத்துக்குத் தாராளமாகப் போதும் என்று நினைத்தேன்.

அவருடைய சந்தேகங்கள் பெரும்பாலும் பொய்த்துப் போகிறவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய ஆண்டு பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவரை, பையில் சுத்தியல் இருந்தது என்று வெயிலில் நிறுத்திவிட்டார். தலைமை விருந்தினர் வழி தவறிப் பின்பக்கம் வந்தபோது, “தலைமை விருந்தினர் பின்வாசல்ல எதுக்கு வராரு?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். விழாச் செயலாளர் மருந்துக் கடை வைத்திருப்பவர். எறும்புக்கும் வழி விடுகிற மனிதர். அவரே இந்த முறை கையைப் பிசைந்துகொண்டு வந்து சொன்னார்: “அக்கா, இன்னும் ஒரு புகார் வந்துச்சுன்னா உங்களைக் கார் நிறுத்துற இடத்துக்கு மாத்துறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. கமிட்டியில என்னைப் பிடிச்சு உலுக்குறாங்க.”

“மாத்துங்க. காருக்கும் டிக்கி இருக்குல்ல” என்றார் அக்கா. ஆனால் செயலாளர் போன பிறகு நாற்காலியைக் கதவோடு இன்னும் ஒட்டிப் போட்டுக்கொண்டார். அந்தக் கதவை இழப்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது என்று எனக்குப் பட்டது.

இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல், ஒரு மனிதர் வந்தார். கையில் பூங்கொத்து. தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. பார்த்தவுடன் எழுந்து இடம் கொடுக்கத் தோன்றும் முகம்.

“வணக்கம்மா. இந்த வெயில்ல நீங்க ஒருத்தரே கஷ்டப்படுறீங்களே! என் தங்கச்சி இன்னிக்கு ஆடுறா. சாயங்கால வகுப்புக் குழு. ரெண்டாவது வரிசை, வலது ஓரம். மூணாம் நம்பர் அறைதானே? இல்லைன்னாலும் பரவாயில்ல, ஆடி முடிச்சதும் சாமான் இறக்குற கதவு வழியாத்தானே வருவாங்க, அங்கயே நிக்கறேன்.”

எல்லாம் சரியான தகவல். நான் என் நாற்காலியை நகர்த்தி வழிவிடக்கூடச் செய்தேன். அக்காவின் நாற்காலி அசையவில்லை.

“பேரு சொல்லுங்க, உள்ள போய்க் கூட்டிட்டு வரேன்.”

“வேண்டாம்மா. அவளுக்கே தெரியாம வந்து நிக்கணும். சர்ப்ரைஸ்.”

“இந்தக் கதவுல சர்ப்ரைஸ் கிடையாது தம்பி.”

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் நடைபாதையில் வந்தார். அந்த மனிதர் அவரிடம் போய், மிகத் தணிந்த குரலில், “ஐயா, அம்மா மேல தப்பில்ல, அவங்க கடமை. வெளியூர்லேர்ந்து வந்திருக்கேன், தங்கச்சியைப் பார்த்து ரொம்ப நாளாச்சு” என்றார். செயலாளர் முகம் சுருங்கிவிட்டது.

“அக்கா, அண்ணன்னு சொல்றாரு. விடுங்களேன்.”

“அண்ணன்னா தங்கச்சியே வந்து கூட்டிட்டுப் போகட்டும்.”

“இதுக்கு மேல என்னால முடியாது அக்கா. நாளையிலேர்ந்து நீங்க கார் நிறுத்துற இடத்துக்குப் போயிடுங்க.”

“போறேன். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உள்ள போய்க் கேட்டுட்டுப் போறேன்.” எழுந்து நின்றவர் என் பக்கம் திரும்பினார். “பத்திரிகை, இதுல உட்காருங்க. யாரு வந்தாலும் விடாதீங்க. நானே வந்தாலும் பார்த்து விடுங்க.”

உட்கார்ந்தேன். பூங்கொத்துக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் பேச்சுக் கொடுத்தார். எந்தப் பத்திரிகை, எவ்வளவு காலமாக எழுதுகிறேன் என்றெல்லாம் அன்பாகத்தான் கேட்டார். நடுவில், “இந்தக் கட்டடத்துக்கு மொத்தம் எத்தனை கதவு சார்?” என்றார். மேடையில் ஒரு குழு பாடிக்கொண்டிருந்தது. நல்ல பாட்டு; நடைபாதையில் நின்றவர்கள் எல்லோரும் அந்தத் திசையில் தலையைத் திருப்பியிருந்தார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. அவருடைய கண்கள் ஒவ்வொரு கதவாகத் தொட்டுவிட்டு வந்தன. நான் நாற்காலியைக் கதவின் நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

உள்ளே நடந்ததை அக்கா பிறகுதான் சொன்னார். அதை நான் எழுத ஒப்புக்கொண்டபோது ஒரு நிபந்தனை போட்டார்: “என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்குங்க. அந்தப் பொண்ணு உடுத்தியிருந்த கலரைக்கூட எழுதக் கூடாது.” எழுதவில்லை.

இரண்டாவது வரிசை, வலது ஓரத்துப் பெண் கண்ணாடி முன் கொண்டை ஊசி செருகிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் போய் நின்று சாதாரணமாகத்தான் கேட்டார்: “உனக்கு அண்ணன் இருக்காராம்மா?”

“இல்லையே அக்கா. நான் வீட்டுக்கு ஒத்தப் பொண்ணு.” சொல்லி முடித்த பிறகுதான் கேள்வி அவளுக்கு உறைத்தது. ஊசி பிடித்த கை தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. கண்ணாடியில் அக்காவைப் பார்த்து, “உயரமா… தலையைப் படிய வாரி…?” என்றாள். அவ்வளவுதான். அவள் ஏன் வீட்டைவிட்டு வந்தாள், எத்தனை ஊர் மாறினாள் என்று அக்கா கேட்கவில்லை. கேட்காமலே அந்தக் கையில் ஒரு பழைய தழும்பைப் பார்த்திருக்கிறார்.

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” என்று நான் பின்னால் கேட்டேன்.

“இந்தக் கதவுக்கு எத்தனை அண்ணன் தம்பி வந்திருக்கான்! ஒருத்தனுக்காவது தங்கச்சி எந்த வரிசையில நிக்கிறான்னு தெரியுமா? ‘நீலப் பாவாடை போட்டவ, பல்லு கொஞ்சம் தூக்கி இருக்கும்’பான். இவன் பாடம் ஒப்பிக்கிறான். வரிசையை முன்வாசல் சுவரொட்டியில பார்த்திருக்கான், ஒத்திகைப் படம் போட்டிருக்காங்கல்ல. அதுகூடப் பரவாயில்ல. ‘சாமான் இறக்குற கதவு’ன்னான். போர்டுல அப்படியா எழுதியிருக்கு? அதுக்கு அப்படிப் பேரு வெச்சது நான். காலையில மைக்குல சொன்னேன். வண்டிங்க நிக்கிற இடத்துல நின்னு கேட்டிருக்கான்.” நெற்றியில் தட்டிக்கொண்டார். “அவ எந்த அறையில இருக்கா, எப்படி வெளிய வருவான்னு நானே ஒலிபெருக்கி வெச்சுச் சொல்லிக் குடுத்திருக்கேன், பாருங்க.”

உள்ளேயிருந்து அவர் திரும்பி வந்தபோது முகத்தில் புன்னகை இருந்தது. அவர் புன்னகைத்து நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது.

“தங்கச்சிக்கு ஒரே சந்தோஷம் தம்பி. மேக்கப் போட்டுட்டு இருக்கா. ஆட்டத்தை முன்வரிசையில உட்கார்ந்து பாருங்க, முடிஞ்சதும் வந்து பார்ப்பா. செயலாளர் ஐயா, இவருக்கு முன்னாடி ஒரு நல்ல நாற்காலியாப் பார்த்துக் குடுங்க.”

செயலாளருக்கு உயிர் வந்தது. பூங்கொத்துக்காரரைத் தோளில் கை வைத்து அழைத்துப் போனார். அவர்கள் நடைபாதைத் திருப்பத்தில் மறைந்ததும் அக்கா மைக்கை எடுத்தார்.  தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“காது இருக்கிறவங்க கேளுங்க. ஒரு சின்ன மாற்றம். சாயங்கால வகுப்புக் குழு ஆடி முடிச்சதும், கார் நிறுத்துற பக்கத்து வாசல் வழியா வெளிய வருவாங்க. குடும்பத்தோட போட்டோ எடுக்கிறவங்க அங்க வந்து நில்லுங்க.”

அந்த மைக்கில் அவர் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன்.

ஆடி முடித்தவர்களின் உடைகளைச் சலவைக்கு எடுத்துப்போக அவர் கணவரின் வேன் வந்து நிற்கும் நேரம் அது. அக்கா வேன் அருகே போய் நாலு வார்த்தை பேசினார். கணவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து, துணி மூட்டைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கினார். ஆடை அலங்காரத்தின் மேல் யாருடைய பழைய மேலங்கியையோ போட்டுக்கொண்டு அந்தப் பெண் ஓடி வந்தாள். ஏறும்போது அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். “ஆடணும்னு ரொம்ப ஆசையா இருந்தேன் அக்கா” என்றாள். 

“இன்னொரு மேடை வராமயா போயிடும்? ஏறு, ஏறு.”

வேன் போன கையோடு அவளுடைய குழு மேடை ஏறியது. வரிசையை மாற்றி அமைக்க அவர்களுக்கு நேரமில்லை. மாற்ற அவர்கள் விரும்பவும் இல்லை போலிருக்கிறது. இரண்டாவது வரிசையின் வலது ஓரத்தை வெறுமையாகவே விட்டு ஆடினார்கள். சுழலும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கை கோக்க வேண்டிய கட்டத்தில் பக்கத்தில் நின்றவள் காற்றிடம் கை நீட்டினாள். நான் திரை ஓரத்தில் நின்று முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்கொத்துக்காரர் முதலில் கழுத்தை எட்டினார். பிறகு எழுந்து நின்றார். பின்னாலிருந்தவர்கள் “உட்காருங்க சார்” என்றார்கள். கார் நிறுத்துமிடத்தின் பக்கமாக ஓடினார்.

சிறிது நேரத்தில் பின்வாசலுக்கு வந்து நின்றவர் வேறு மனிதர்போல் இருந்தார். வாரிய தலை கலைந்திருந்தது.

“எங்க அவ?”

“யாரு தம்பி?”

“நடிக்காத. என் பொண்டாட்டியை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?”

செயலாளர் அப்போது என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ‘பொண்டாட்டி’ என்ற சொல்லைக் கேட்டு அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். எறும்புக்கு வழி விடுகிற அந்த மனிதர் நகர்ந்து அக்காவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.   டிரம்ஸ்காரர் வந்தார். வயலின்காரர் வந்தார். அறைகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ போலீசுக்குத் தொலைபேசியில் பேசும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் எல்லோரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு, பூங்கொத்தைத் தரையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கா முதலில் செய்த வேலை, அந்தப் பூங்கொத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தது. ஒவ்வொரு தண்டாக உருவினார். உள்ளே பூவைத் தவிர ஒன்றும் இல்லை. அது அவருக்கு ஏமாற்றமாக இருந்ததா ஆறுதலாக இருந்ததா என்று சொல்ல முடியவில்லை.

“மன்னிச்சுக்கங்க அக்கா” என்றார் செயலாளர்.

“எதுக்கு? நான் ஊர்ல உள்ளவங்க எல்லாரையும்தான் சந்தேகப்பட்டேன். எறிஞ்ச கல்லுல ஒண்ணு பட்டிருக்கு.” பெருமை அந்தக் குரலில் இல்லை. மறுநாள் கார் நிறுத்துமிடத்துக்கு அவர் போகவில்லை. போகச் சொல்லவும் ஆளில்லை. சுவரொட்டிப் படத்தைச் செயலாளரே கிழித்து எடுத்தார். அறிவிப்பில் அறை எண்ணும் கதவும் நின்றுபோயின. “உங்க ஆளுங்க எந்தப் பக்கம் வருவாங்கன்னு உங்க ஆளுங்களையே கேட்டுக்குங்க” என்பதோடு அக்கா நிறுத்திக்கொண்டார். விழாவுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முக்கியமான நடைமுறைத் தகவலும் இதுதான். வெளியேறும் வழி ஒலிபெருக்கியில் வராது.

சில வாரங்களுக்குப் பிறகு, துணி போடும் சாக்கில் சலவைக் கடைக்குப் போனேன். என் கால்சட்டைப் பையிலிருந்து எனக்கே மறந்துபோன ஒரு சாவியை அவர் எடுத்து வைத்த நேரத்தில் அவருடைய கைபேசி ஒலித்தது. தெரியாத எண். காதில் வைத்தவர் முகம் மாறியது. அவருடைய கைபேசியில் எதிர்முனைப் பேச்சு கடைக்கே கேட்கும்.

“நல்லா இருக்கேன் அக்கா. வேலை கிடைச்சிடுச்சு. இங்க ஒரு வகுப்புலகூடச் சேர்ந்துட்டேன். நான் இப்ப எங்க இருக்கேன்னா…”

“சொல்லாத.”

“ஐயோ, உங்ககிட்டதானே அக்கா…”

“எங்கிட்டயும்தான். சாப்பிடுறியா?”

“சாப்பிடுறேன்.”

“ஆடுறியா?”

“ஆடுறேன் அக்கா. அடுத்த மாசம் மேடை.”

அக்கா என் சாவியை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். “சரி. இனிமே இந்த நம்பருக்குப் பேசாத. வெச்சிடு” என்றார்.

பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வந்த எண்ணை அழிக்க முயன்றார். எப்படி அழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எதை எதையோ தொட்டார், ஏதோ பாட்டு அலறியது, அணைத்தார். நான் உதவிக்குக் கை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஒற்றை விரலால் மறுபடியும் தட்டத் தொடங்கினார்.